கால் சுற்று

எங்கள் வீட்டில் ‘கால்’ என்றால் கால் இல்லை. கை, கால் என்று சேர்த்துச் சொல்கிறோமே, அந்தக் கால் எழுபதுகளின் நடுவிலேயே எங்கள் பேச்சிலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டது. முட்டி வலித்தால் முட்டி வலிக்கிறது என்போம், பாதம் எரிந்தால் பாதம் எரிகிறது என்போம். ‘கால்’ என்பது ஒரு திருகாணியை நாலில் ஒரு பங்கு சுற்றுவது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர் யாராவது “படியேறி வந்ததுல கால் வலிக்குதும்மா” என்று உட்கார்ந்தால், என் கொழுந்தன் முகத்தில் சிரிப்பே காட்டாமல் “கூட்டணுமா, கொறைக்கணுமா?” என்று கேட்பான். வந்தவர் விழிப்பார். அவனும் என் கணவரும் நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வோம்.

அந்தத் திருகாணி எங்கள் இழுவை லாரியின் டீசல் பம்பில் இருந்தது. என் கணவர் துறைமுகப் பட்டறை ஒன்றில் மெக்கானிக்காக இருந்தவர். பிரிட்டிஷ் ராணுவம் சிங்கப்பூரைவிட்டுப் புறப்பட்டபோது கழித்துவிட்ட லாரிகளில் ஒன்றை வாங்கிவந்து, அதன் எஞ்சினை இறக்கிவிட்டு, பழைய ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றி, பின்னால் கிரேனும் கொக்கியும் பொருத்திக்கொண்டார். சாலையில் படுத்துவிட்ட வண்டிகளைத் தூக்கி இழுத்துவருவது எங்கள் பிழைப்பு. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழே பட்டறை, மேலே வீடு. கல்யாணமாகி நான் அங்கே வந்த அன்று முதலில் லாரியைத்தான் காட்டினார். பிறகுதான் அடுப்படியை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

லாரியின் பலமெல்லாம் அந்தத் திருகாணியில்தான். அதை உள்ளே முறுக்கினால் எஞ்சினுக்குக் கூடுதல் டீசல் போகும், இழுக்கும் சக்தி கூடும். ஆனால் டீசல் கூடுகிற அளவுக்குக் காற்று கூடாது. எரியாமல் மிஞ்சுவது கரும்புகையாக வெளியே வரும். அளவுக்கு மீறித் தின்றவன் ஏப்பம் விடுவதைப் போலத்தான். என் கணவருக்கு அதில் ஒரு வெட்கமும் கிடையாது. “பொகை இல்லாம பலம் ஏது?” என்பார். மூங்கில் கழிகளில் கோத்து சன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கும் என் துணிகளுக்கு நேர் கீழேதான் அவருடைய பலம் புகைந்துகொண்டிருக்கும். வெள்ளைத் துணியை வெள்ளையாகவே எடுத்த நாட்கள் குறைவு. “உங்க பலத்த நீங்களே தொவைங்க” என்று ஒரு நாள் வாளியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டேன். மனிதர் உண்மையாகவே துவைத்தார். கரி போய் கிரீஸ் கறை வந்தது. புகைச்சல் இல்லாத குடும்பம் ஊரில் ஏது? எங்களுடையது கண்ணுக்கே தெரிந்தது, அதுதான் வித்தியாசம்.

வருடத்துக்கு ஒருமுறை லாரியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். புகை அதிகம் என்றால் சாலையில் ஓட முடியாது. அதனால் எங்கள் தொழிலில் பலரும் செய்ததை இவரும் செய்தார். பரிசோதனைக்கு முன்னால் திருகாணியைக் கொஞ்சம் வெளியே எடுப்பார். லாரி நல்ல பிள்ளையாகப் போய்ப் பாஸாகித் திரும்பும். வந்த கையோடு பழையபடி முறுக்கிவிடுவார்.

எவ்வளவு எடுப்பது என்று கண்டுபிடிக்க அவரிடம் இருந்த கருவி, அவருடைய பழைய வேட்டியின் கிழிசல். அந்த வெள்ளைத் துண்டை ஒரு கம்பி வளையத்தில் கட்டிப் புகைக்குழாயின் வாயில் பிடித்துக்கொண்டு, எஞ்சினை உறுமவிட்டு, துணியில் படிகிற நிறத்தைப் பார்ப்பார். நிறங்களுக்குக் கோப்பிக்கடைப் பெயர்களைத்தான் வைத்திருந்தார். தே, அதாவது பால் விட்ட தேநீர் என்றால் கவலையில்லை, பாஸ். கோப்பி என்றால் யோசிக்க வேண்டும். கோப்பி-ஓ என்றால் பால் கலக்காத கறுப்பு, சம்மன் நிச்சயம்.

இந்த வேலைக்கு மூன்று பேர் தேவை. அவர் பின்னால் குழாயருகே துணியோடு நிற்பார். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், முன்னால் பம்பருகே ஸ்க்ரூடிரைவரோடு நிற்பான். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார வேண்டும். “ரேஸ் குடு!” என்று பின்னாலிருந்து கத்துவார், ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். “கால எடு!” என்பார், பாதத்தை எடுப்பேன். துணியைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் தம்பியிடம் “ஒரு கால் எடு” என்பார், அவன் திருகாணியைக் கால் சுற்று வெளியே எடுப்பான்.

முதல் வருடம் துணி வேகவேகமாக வெளுத்தது. அவருக்கு ஒரே குஷி. “பாத்தியா, தே! தண்ணி கலந்த தே!” என்று துணியைக் கொடிபோல் ஆட்டிக் காட்டினார். பரிசோதனையில் முதல் தடவையிலேயே பாஸ். திரும்பி வந்ததும், தாம் எடுக்கச் சொன்னதைக் கணக்குப் பண்ணி, தம்பியிடம் அந்த அளவுக்கு உள்ளே முறுக்கச் சொன்னார். அவனும் முறுக்கினான்.

அன்று மத்தியானமே சுவா சூ காங்கிலிருந்து போன் வந்தது. அப்போதெல்லாம் அங்கே பண்ணைகள்தான். லாரி நிறையப் பன்றிகளோடு ஒரு பண்ணைக்காரச் சீனர் நடுவழியில் நின்றிருந்தார். அண்ணனும் தம்பியும் போய்க் கொக்கியை மாட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். புக்கிட் பாஞ்சாங் மேட்டில் பாதி தூரம் ஏறியதும் எங்கள் லாரி இருமியது, திணறியது, நின்றேவிட்டது. வெயிலில் பன்றிகள் ஓலமிட, பின்னால் பேருந்துகள் வரிசைகட்ட, பண்ணைக்காரர் இறங்கிவந்து, உன் லாரியை இழுக்க யாரைக் கூப்பிடுவாய் என்று மலாயில் கேட்டாராம். கடைசியில் வேறொரு கம்பெனி லாரி வந்து எல்லாரையும் சேர்த்து இழுத்துப்போனது. இதையெல்லாம் அவர்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். மாடிப்படியில் அவர்களுக்கு முன்னால் வாசனை ஏறி வந்துவிட்டது.

மறுநாள் பம்பைத் திறந்து பார்த்தவர் திகைத்துப்போனார். திருகாணி ஏறக்குறைய கழன்று விழுகிற நிலையில் இருந்தது.

“எவன்டா இவ்வளவு வெளிய எடுத்தது?”

“நீங்கதான்ணே சொன்னீங்க.”

“நான் எப்படா சொன்னேன்?”

“‘கால எடு, கால எடு’ன்னு கத்திக்கிட்டே இருந்தீங்களே. நானும் கால் காலா எடுத்துக்கிட்டே இருந்தேன்.”

“அது உங்க அண்ணி கிட்டடா, மடையா! அவ பாதத்த எடுக்கச் சொன்னேன்!”

கொழுந்தன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இரண்டாம் வேற்றுமை உருபு என்று சொல்லிக்கொடுத்தார்தான். ஆனால் டீசல் எஞ்சின் உறுமும்போது ‘காலை எடு’வில் இருக்கிற அந்த ஐ யார் காதில் விழும்? நான் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், லாரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அன்று ஒரு சட்டம் போட்டோம். ‘கால்’ என்ற சொல் இனிமேல் திருகாணிக்கு மட்டும் சொந்தம். கால் குடு என்றால் உள்ளே, கால் எடு என்றால் வெளியே. எனக்கு வேறு சொற்கள்: ‘மிதி’, ‘விடு’. பட்டறையில் போட்ட சட்டம் சீக்கிரமே மாடி ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் பரிசோதனைக்கு முன் கால் எடுத்தோம், பின் கால் குடுத்தோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத வருடம் கிடையாது. லாரிக்குரியதை லாரிக்குத் தந்துவிட வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாங்கியில் புது விமான நிலையம் வந்ததும் கொழுந்தன் அங்கே சரக்குப் பிரிவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இரவும் பகலும் இவர் ஒருவரே ஓட்ட முடியாது. பெரிய லாரி லைசென்ஸ் நான் எடுக்கிறேன் என்றேன்.

“நீயா? லாரியா?”

“இத்தன வருஷமா நின்ன எடத்துலயே மிதிச்சுக்கிட்டு இருக்கேன். இனிமே நகந்துக்கிட்டே மிதிக்கிறேன்.”

இரண்டாவது தடவையில் தேறினேன். புடவையை விட்டுக் கால்சட்டைக்கு மாறினேன். சாலையில் நின்ற வண்டிக்காரர்கள் நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, டிரைவர் எங்கே என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன். “நானும் தேடுறேன், கெடைச்சா சொல்றேன்” என்பேன். என் கணவருக்கு அந்தப் பேச்சில் பெருமை. ஆனால் திருகாணியை மட்டும் என்னைத் தொடவிட மாட்டார். நான் மிதிக்கலாம், ஓட்டலாம், கொக்கி மாட்டலாம். பம்ப் அவருடையது.

அவருக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி இருந்தது. கெட்டி டின்பாலின் இனிப்பு வழியும் தேயைக் கிளாஸ் கிளாஸாகக் குடிப்பார், கேட்டால் சீனி போடவில்லை என்பார். ஒரு நாள் அவருடைய ரப்பர் சிலிப்பரைக் கழுவலாம் என்று எடுத்தேன். வலது சிலிப்பரின் அடி உருகி ஒட்டிப்போயிருந்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போது புகைக்குழாயின் மேல் பாதத்தை ஊன்றி நின்று வேலை பார்த்திருக்கிறார். ரப்பர் உருகியிருக்கிறது, தோல் வெந்திருக்கிறது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெறும் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே கோப்பி-ஓ நிறத்தில் ஒரு புண்.

“வலிக்கலையா?”

“வலிச்சா சொல்லியிருக்க மாட்டேனா?” என்றார், என்னைத் தேற்றுகிற குரலில்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வேட்டித் துணியில் படிந்த கரியை அத்தனை கவனமாகப் பார்க்கிற மனிதர், தன் உடம்பை ஒருமுறை குனிந்து பார்க்கவில்லையே என்ற கோபம். அந்தக் கோபத்தோடேயே டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்.

மருந்து, ஊசி, ஒரு விரல், இன்னொரு விரல் என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு காலையில் டாக்டர் வந்து ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். பக்கத்தில் நின்ற தமிழ்த் தாதி, பாவம், அந்தப் பிள்ளைக்குத்தான் அதைத் தமிழில் சொல்கிற வேலை.

“அண்ணே, மேல பரவிடுச்சு. கால எடுக்கணும்ங்கிறாரு டாக்டர்.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், “கால் எடுத்தா போதுமா? அரை எடுக்க வேணாமா?”

தாதி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். மனிதர் பிதற்றுகிறார் என்று நினைத்திருப்பாள். அந்த அறையில் அது புரிந்தது எனக்கு மட்டும்தான். அவரை அடிக்கலாம்போல் இருந்தது.

“முட்டிக்குக் கீழண்ணே” என்றாள் தாதி.

“அப்ப அரை” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் சொல் செத்துப்போனது. பாதம் என்றும் சொல்ல மாட்டோம், முட்டி என்றும் சொல்ல மாட்டோம், ‘கால்’ என்று வாயே திறக்க மாட்டோம். சாங்கியிலிருந்து பார்க்க வந்த கொழுந்தன்கூட வாயை இறுக மூடிக்கொண்டு பழம் உரித்துக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் கால் கதவுக்குப் பின்னால் நின்றது. அவர் அதைத் தொடவில்லை. சன்னலருகே உட்கார்ந்து கீழே நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேலைக்கு எடுத்துப்போய்த் திரும்பினால், சத்தத்தை வைத்தே “மூணாவது சிலிண்டர் சரியில்ல” என்பார். அந்த ஒரு வாக்கியம்தான் பல நாட்களில் அவர் பேசுகிற முழுப் பேச்சு.

அந்த வருடப் பரிசோதனை நெருங்கியது. எஞ்சினுக்கும் வயதாகிவிட்டது. புகைக் கெடுபிடியும் முன்னைவிடக் கூடியிருந்தது. பழைய வண்டிகள் தேறாமல் பழைய இரும்பாக உடைப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. ஜாலான் புசாரில் நல்ல மெக்கானிக் இருக்கிறார், அவரிடம் காட்டலாமே என்று மெதுவாக எடுத்தேன்.

“என் பம்ப எவனும் தொடக் கூடாது.”

“பாஸாகலைன்னா?”

“பாஸாகலைன்னா அது ஒடைப்புக்குப் போவும். என்னையும் அதுலயே தூக்கிப் போட்டு அனுப்பிடு.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. முடிவு செய்துவிட்டவர்போல் சொன்னார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. லாரி போனால் வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்ளலாம். சன்னலிலிருந்து பார்க்க ஒன்றுமே இல்லாத அந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பரிசோதனைக்கு முந்தின நாள் காலையில், அக்குள்கட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே கீழே இறங்கினார். பிடிக்க வந்தால் முறைத்தார். பம்புக்கு நேராக ஒரு முக்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். வேட்டிக் கிழிசலைக் குழாயில் கம்பி போட்டு நானே கட்டினேன். நான் மேலே ஏறி உட்கார்ந்ததும் “மிதி” என்றார். மிதித்தேன். “விடு.” இறங்கிப் போய்த் துணியைக் கொண்டுவந்து காட்டினேன். கோப்பி-ஓ.

டீசல் பாய்ச்சுகிற நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். காற்று வடிகட்டியை மாற்றினார். வால்வுகளைச் சரிபார்த்தார். நான் பட்டறைப் பையனைப்போல் கேட்டதை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் துணி. கோப்பி. இனித் திருகாணிதான் பாக்கி. அவர் ஸ்க்ரூடிரைவரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முன்பு தம்பியிடம் சொன்ன சொல்லை இப்போது கேட்டுச் செய்ய அங்கே யாரும் இல்லை. நான் மேலே இருக்கையில் மிதிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

“ஒரு கால் எடு” என்றார், தனக்குத்தானே. திருகினார்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு எங்களில் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. “மிதி” என்றார் உடனே, குரலை உயர்த்தி. துணி மாறியது, போதவில்லை. “இன்னொரு கால் எடு.” மிதித்தேன், விட்டேன். ஓடிப்போய்த் துணியை அவிழ்த்து வந்தேன். பால் தூக்கலாக விட்ட தே.

பரிசோதனை நிலையத்தில் அதிகாரி குழாய்க்குள் கருவியை நுழைத்துவிட்டு, முழுக்க மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். மறுபடி மிதிக்கச் சொன்னார். பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் என்னைப் பார்க்காமல் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

பட்டறைக்குத் திரும்பியதும் முக்காலியைக் கொண்டுவந்து பம்பருகே போட்டேன். எடுத்ததைத் திருப்பித் தருகிற நேரமாயிற்றே.

“திருகலையா?” என்று கேட்டேன். அந்தச் சொல் எனக்கு இன்னும் வரவில்லை.

“வேணாம்லா. இருக்கட்டும்” என்றார். லாரியின் மூடியைத் தட்டிச் சாத்தினார்.

அடுத்த வாரம் சுவா சூ காங்கிலிருந்து போன் வந்தது. பன்றிப் பண்ணைகள் எல்லாம் எப்போதோ போய், அங்கே அடுக்குமாடி புளோக்குகள் எழுந்துகொண்டிருந்தன. கட்டட வேலைக்கு வந்த மணல் லாரி ஒன்று படுத்துவிட்டது. நானும் வருகிறேன் என்றார். கதவுக்குப் பின்னாலிருந்த செயற்கைக் காலைக் காட்டி, எடுத்துவரவா என்றதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். கால்சட்டையின் வலது பக்கத்தை மடித்து ஊக்கு குத்திவிட்டேன். கொக்கியை மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அதே மேடு. பாதி ஏறுவதற்குள் லாரிக்கு மூச்சு வாங்கியது. முதல் கியர், ஆள் நடக்கிற வேகம். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. கண்ணாடியில் பார்த்தேன். புகையே இல்லை, அந்தக் கார்க்காரர்களின் கடுகடுத்த முகங்கள் ஒவ்வொன்றும் சுத்தமாகத் தெரிந்தன. எரிச்சலில் யோசிக்காமல் வாய்விட்டேன்.

“ஏங்க, ஒரு கால் குடுத்திருக்கலாம்ல?”

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் குனிந்து மடித்துக் குத்தியிருந்த கால்சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இருந்தா குடுத்திருக்க மாட்டேனா?”

பிறகு அவர் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. பன்றிகள் ஓலமிட்ட அன்றைக்கு மறுநாள் லாரிப் படியில் உட்கார்ந்து சிரித்தோமே, அதே சிரிப்பு. கண்ணில் நீர் கட்டிச் சாலை மங்கியது. என் பாதம் ஆக்ஸிலேட்டரில் தளர, லாரி ஒரு குலுக்கு குலுக்கிப் பின்வாங்கப் பார்த்தது.

“ஏய், விடாத, விடாத!” என்று கத்தினார், சிரிப்பு நிற்காமலேயே.

நான் விடவில்லை.